விழுது மண்ணைத் தொடும் காலம்

அண்மையில் உறவினர் வீட்டுத் திருமணம் ஒன்றுக்குச் சென்றிருந்தேன். மணமக்களுக்கு அறுகரிசி இட்ட முதியவர் ஒருவர், "ஆல்போல் தழைத்து அறுகுபோல் வேரூன்றி வாழுங்கள்" என்று வாழ்த்தினார். என் பக்கத்தில் அமர்ந்திருந்த தமக்கையின் மகள், ஒன்பதாம் தரத்தில் பயிலும் சிறுமி, மெல்ல என் காதருகே குனிந்து, "மாமா, ஆலமரத்துக்குத்தானே கிளையிலும் வேர் இருக்கிறது? வேருக்கு ஏன் அதை விட்டுப் புல்லைச் சொன்னார்?" என்று கேட்டாள். நாதசுரமும் தவிலும் முழங்கிக்கொண்டிருந்தமையால் அப்பொழுது விடை கூற இயலவில்லை. வீடு திரும்பிய பின்னரும் அவள் வினா என்னை விடவில்லை. நாம் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவரும் ஒரு வாழ்த்தைச் சற்று நின்று எண்ணிப்பாராமலே சொல்லிவருகிறோம் என்பதை ஒரு சிறுமி உணர்த்திவிட்டாள். ஆதலின் இவ்வாரம் ஆலமரத்தைப் பற்றியே நேயர்களோடு சிறிது உரையாடலாமென எண்ணுகிறேன்.

ஆலின் பிறப்பே விந்தையானது. பெரும்பாலான மரங்கள் மண்ணிற் பிறந்து விண்ணை நோக்கி வளர்கின்றன. ஆலோ பலவேளைகளில் விண்ணிடையே பிறந்து மண்ணைத் தேடி வருகின்றது. சிவந்த ஆலம்பழத்தை உண்ட காகமும் குக்குறுவானும் வௌவாலும் அதன் விதையை எச்சத்தோடு எங்கேனும் இட்டுச்செல்கின்றன. அது கோபுரத்தின் வெடிப்பாக இருக்கலாம். பாழ்ங்கிணற்றின் சுவராக இருக்கலாம். பனையின் மட்டைகளுக்கு இடைப்பட்ட சிறு குழியாகவும் இருக்கலாம். அங்கே தங்கிய தூசியையும் மழைநீரையும் கொண்டே விதை முளைத்துவிடும். பின்னர் அதன் வேர்கள் பனையின் உடலைத் தழுவியபடி கீழிறங்கும். யாழ்ப்பாணத்துப் பனங்கூடல்களிடையே, ஆலின் அணைப்பில் அகப்பட்டுத் தலையை மட்டும் வெளியே நீட்டிநிற்கும் பனையைக் காணாதார் இலர். பல ஆண்டுகள் கழிந்தபின் ஏந்திய மரம் பட்டுப்போகும். ஏறியிருந்த ஆல் நிலைத்துவிடும். அறநூலார் போற்றும் இம்மரத்தின் தொடக்கம் அத்துணை அறவழிப்பட்டதன்று என்பதையும் நாம் மறைக்க வேண்டியதில்லை.

ஆல் பூக்காமலே காய்க்கும் என்று முன்னோர் கருதினர். உண்மையில் அதன் பூக்கள் நூற்றுக்கணக்கில், நாம் காய் என்று சொல்லும் உருண்டையின் உள்ளே மறைந்திருக்கின்றன. ஆலுக்கென்றே அமைந்த, குளவியினத்தைச் சேர்ந்த நுண்ணிய பூச்சியொன்று காயின் நுனியிலுள்ள சிறு துளைவழியே நெருக்கிக்கொண்டு உட்புகும். அம்முயற்சியில் அதன் சிறகுகள் பிய்ந்துபோகும். உள்ளே முட்டையிட்டு, தான் கொண்டுவந்த மகரந்தத்தைப் பூக்களிற் சேர்த்துவிட்டு, அங்கேயே அது மடியும். இப்பூச்சி இல்லையெனின் ஆலுக்கு விதையில்லை. ஆல் இல்லையெனின் இப்பூச்சிக்கு வாழ்வில்லை. இவ்வாறு பிறக்கும் விதையோ கடுகினும் சிறியது. சாந்தோக்கிய உபநிடதத்தில் உத்தாலகர் தம் மைந்தன் சுவேதகேதுவை ஆலம்பழமொன்றைக் கொணர்ந்து பிளக்கச் சொல்கிறார். பின்னர் அதன் விதையையும் பிளக்கச் சொல்கிறார். உள்ளே ஒன்றும் தெரியவில்லை என்கிறான் மகன். காணவொண்ணாத அந்த நுண்பொருளிலிருந்தே இப்பெருமரம் நிற்கிறது என்று தந்தை உண்மைப் பொருளை உபதேசிக்கத் தொடங்குகிறார்.

அம்மரத்தின் வடமொழிப் பெயர் நியக்குரோதம் என்பது. கீழ்நோக்கி வளர்வது என்பது அதன் பொருள். தமிழிலும் மேலிருந்து வீழ்வதனால் வீழ் என்றும் விழுது என்றும் பெயர் வைத்தனர். மேலைத்தேயத்தவரோ மரத்தைக் காணாது அதன் நிழலைக் கண்டு பெயரிட்டனர். பாரசீக வளைகுடாக் கரையிலே, இன்று பந்தர் அப்பாஸ் எனப்படும் துறைமுகத்தின் அருகே நின்ற ஒரு மரத்தின் கீழ் இந்திய வணிகர் தங்கிக் கோயிலும் அமைத்திருந்தனர். அவ்வணிகரைக் குறித்த 'பனியா' என்ற சொல்லே ஆங்கிலத்தில் 'பன்யன்' என மரத்துக்குப் பெயராயிற்று. அவர்களுக்கும் நெடுங்காலத்துக்கு முன்னர், கி.மு. 300 அளவில், அலெக்சாந்தரோடு இந்தியா வந்து மீண்டோர் கூறியவற்றைக் கேட்ட கிரேக்க அறிஞர் தியோபிராஸ்தஸ், கிளைகளிலிருந்து வேர்விட்டுத் தன்னைச் சுற்றி வேலியிட்டுக்கொள்ளும் இம்மரத்தைத் தமது தாவர நூலில் விவரித்துள்ளார்.

இனி விழுதின் இயல்பைக் காண்போம். கிளையிலிருந்து தோன்றும் விழுது முதலிற் கயிறுபோல மெலிந்திருக்கும். காற்றில் ஆடும், கையால் இழுத்தால் அறுந்துவிடும். ஆண்டுகள் சில கடந்தாலும் மண்ணைத் தொடாத வரையில் அது பெரிதும் பருப்பதில்லை. அந்நிலையில் அது கிளைக்குத் துணையன்று. கிளை சுமக்கும் மேலும் ஒரு சுமையே. அதன் நுனி மண்ணைத் தொட்டு உட்புகுந்துவிட்டதோ, அன்றிலிருந்து அதன் வாழ்வே மாறிவிடுகிறது. நிலத்து நீரையும் உரத்தையும் தானே உறிஞ்சித் தனக்கு மேலுள்ள கிளைக்கு நேரே கொடுக்கத் தொடங்கும். பருக்கும், பட்டை கொள்ளும், நாளடைவில் அடிமரம்போலத் தூணாகி நிற்கும். அதன் வலிமையை நம்பிக் கிளை இன்னும் நெடிது நீளும்; நீண்ட கிளை மேலும் விழுதுகளை இறக்கும். இப்படியே ஒரு மரம் தோப்பாகிறது.

இதற்குப் புகழ்பெற்ற சான்று வங்கத்தில் உள்ளது. இன்று கொல்கத்தா எனப்படும் கல்கத்தா நகருக்கு எதிரே, ஹூக்ளி நதியின் மேற்குக் கரையிற் சிப்பூர் என்னும் இடத்தில், 1787ஆம் ஆண்டு கேணல் றொபேட் கிட் என்பவரால் ஒரு தாவரத் தோட்டம் நிறுவப்பட்டது. இந்நாளில் அது விஞ்ஞானி ஜகதீச சந்திர போஸின் பெயரைத் தாங்கிநிற்கிறது. அங்குள்ள ஆலமரம் தோட்டத்தினும் மூத்தது என்று கருதப்படுகிறது. அதுவும் ஓர் ஈச்சமரத்தின் மேல் விழுந்த விதையிலிருந்தே தோன்றியதென வழிவழியாகக் கூறுவர். 1864ஆம் ஆண்டிலும் 1867ஆம் ஆண்டிலும் வீசிய கடும் சூறாவளிகள் அதன் பெருங்கிளைகளை முறித்தன. முறிந்த இடங்களில் நச்சுக் காளான் பற்றியது. நோய் மெல்ல மெல்ல அடிமரத்தை அரித்தது. ஏறத்தாழ 50 அடிச் சுற்றளவு கொண்டிருந்த அந்தத் தாய்மரத்தை, மற்றப் பகுதிகளையேனும் காக்கவேண்டி, 1925ஆம் ஆண்டில் வெட்டி அகற்றிவிட்டனர்.

வேறு எந்த மரமாயினும் அன்றோடு அதன் கதை முடிந்திருக்கும். ஆல் முடியவில்லை. நடுவிடம் வெறுமையாயிற்று, சூழ நின்ற விழுதுகளோ ஏற்கெனவே தத்தம் காலில் நின்றன. இன்று அம்மரம் நாலரை ஏக்கருக்கு மேற்பட்ட நிலத்தை மூடி நிற்கிறது. 3,500க்கு மேற்பட்ட விழுதுகள் அதனைத் தாங்குகின்றன. மரத்தைச் சுற்றி வரவென 330 மீற்றர் நீளமான பாதையொன்றை அமைத்தார்கள். மரம் அதனையும் தாண்டிச் சென்றுவிட்டது. 2020ஆம் ஆண்டு மே மாதம் 20ஆம் நாள் அம்பான் சூறாவளி வங்கத்தைத் தாக்கியபொழுது விழுதுகள் பல வீழ்ந்தன. ஆயினும் மரம் நின்றது. சென்னை அடையாற்றிலே பிரமஞான சபையின் வளவில் நிற்கும் பேராலின் அடிமரமும் 1989ஆம் ஆண்டிற் புயற்காற்றிற் சாய்ந்தது. அதுவும் இன்று தன் விழுதுகளாலேயே வாழ்கிறது.

இக்காட்சியை நம் முன்னோர் கூர்ந்து நோக்கியிருக்கின்றனர். நாலடியாரில் மக்கட்பேற்றின் பயனைச் சொல்லுமிடத்து ஓர் உவமை வருகிறது. கறையான் அரித்த ஆலமரத்தை அதன் விழுதே ஊன்றிநின்று தாங்குவதுபோல, தந்தையிடம் தளர்ச்சி தோன்றுங்கால் அவன் பெற்ற மைந்தன் அதனை மறைத்துத் தாங்குவான் என்பது அப்பாட்டின் கருத்து. புலவர் கற்பனையென இதனை ஒதுக்கிவிட முடியாது. தெலுங்கானாவில் மகபூப்நகருக்கு அண்மையிற் பிள்ளலமர்ரி என்னும் பேரால் ஒன்று உள்ளது. பிள்ளைகளின் ஆல் என்பது பெயரின் பொருள். 700 ஆண்டு மூத்தது எனப்படும் அம்மரத்தைக் கறையான் அரித்தமையால் 2017ஆம் ஆண்டு இறுதியிற் கிளையொன்று முறிந்து விழுந்தது. 2018ஆம் ஆண்டில், நோயாளிக்குச் 'சேலைன்' ஏற்றுவதுபோல நூற்றுக்கணக்கான போத்தல்களைக் கிளைகளிலே தொங்கவிட்டு, நீர்த்த பூச்சிமருந்தைச் சொட்டுச் சொட்டாக மரத்தினுள் செலுத்தினார்கள். நாலடியார் கண்ட கறையான் இன்றும் ஓயவில்லை.

ஆயின் இந்த உவமையை மாணவர்க்குப் பல்லாண்டு கற்பித்த பின்னரே அதனுள் அடங்கிக் கிடந்த ஒன்று எனக்குப் புலப்பட்டது. கறையான் வந்த அன்று விழுது பிறப்பதில்லை. தாய்மரம் உறுதியாக நின்ற காலத்திலேயே அது தோன்றி, தொங்கி, மண்ணைத் தொட்டு, ஊன்றியிருத்தல் வேண்டும். அதற்குத் தாய்மரமும் அதன் கீழ் வாழ்வோரும் இடங்கொடுத்திருத்தலும் வேண்டும். இதனை எனக்குக் கற்பித்தது நூலன்று. எங்கள் ஊர் ஆலடி.

எங்கள் ஊர்ச் சந்தியிற் பேரால் ஒன்று நின்றது. அதன் அடியில் வைரவர் சூலமும் ஒரு சுமைதாங்கியும் இருந்தன. பக்கத்தில் ஊர் வாசிகசாலை. அதனை ஓய்வுபெற்ற தபாலதிபர் ஒருவர் முப்பது ஆண்டுகளுக்கு மேல் நடத்திவந்தார். விடியுமுன் எழுந்து முற்றம் கூட்டி, வாங்குகளைத் துடைத்து, பத்திரிகைகளை ஒழுங்காக விரித்துவைப்பார். ஒரு சதம் ஊதியம் பெற்றாரில்லை. அவரால் எழுத்தறிவின் சுவை கண்டவர்களுள் நானும் ஒருவன். முற்றம் துப்புரவாக இருக்கவேண்டும் என்பதில் அவருக்குப் பெரும் பிடிவாதம். ஆண்டுதோறும் வைரவர் பொங்கலுக்கு முன், நெடிய தடியிற் கத்தி கட்டி, தொங்கும் விழுதுகளையெல்லாம் அறுப்பிப்பார். தெருப்பக்கத்து விழுதுகள் பேருந்தின் கூரையிற் படுகின்றன என்று வேறு சிலரும் அறுப்பார்கள். மரம் அழகாகத்தான் இருந்தது. கிளைகள் மட்டும் ஆண்டுக்கு ஆண்டு நீண்டன. அவற்றின் கீழே ஒரு தூணும் இல்லை.

வாசிகசாலையின் திறப்பு எப்பொழுதும் அவர் மடியிலேயே இருக்கும். இளைஞராயிருந்த நாங்கள் சிலர், கணக்கெழுதவோ மாலையிற் கதவு திறக்கவோ எங்களுக்கும் இடந்தருமாறு கேட்டதுண்டு. "தம்பிமார், நீங்கள் படியுங்கோ, இதை நான் பார்த்துக்கொள்ளுவன்" என்பார். அன்பினாலேயே அப்படிச் சொன்னார்; அதில் ஐயமில்லை.

ஒரு மாரிகாலத்து இரவிற் பெருங்காற்று எழுந்தது. விடிந்து பார்த்தால், தெருப்பக்கத்துப் பெருங்கிளை தன் பாரத்தாலேயே சரிந்து, அடிமரத்தையும் பாதியாகப் பிளந்துகொண்டு வீழ்ந்து கிடந்தது. எஞ்சியதை வெட்டி எடுக்க நான்கு நாட்கள் சென்றன. அதன்பின் இரண்டு ஆண்டுகளில் அப்பெரியவரும் மறைந்தார். திறப்பு யார் கையிலோ வந்தது. ஆனாற் சந்தாப் பணம் யாரிடம் பெறுவது, பத்திரிகைக்கு எங்கே எழுதுவது, எந்த நூல் எவரிடம் உள்ளது என்பது எவருக்கும் தெரியவில்லை. சில மாதங்களிற் கதவு மூடப்பட்டது. பின்னொரு நாள் திறந்து பார்த்தபோது நூல்களைக் கறையான் தின்றிருந்தது.

அவரைக் குறைகூற நான் இதனை எழுதவில்லை. குறைகூறும் தகுதியும் எனக்கில்லை. எங்கள் கல்லூரியின் தமிழ் மன்ற விழாவைப் பல ஆண்டுகளாக நானே பொறுப்பேற்று நடத்தி வந்தேன். அழைப்பிதழின் வாசகம் முதல் மேடையில் விளக்கு நிற்கும் இடம் வரை என் கண் படாத ஒன்றில்லை. மாணவர் பேச்சுகளையும் நானே எழுதிக்கொடுத்தேன். சென்ற ஆண்டு விழாவுக்கு முன் கடுங்காய்ச்சல் கண்டு படுக்கையில் வீழ்ந்தேன். விழாவை ஒத்திவைத்துவிட்டார்கள். பார்க்க வந்த நண்பர்கள், "நீங்கள் இல்லாமல் விழா நடக்குமோ?" என்றார்கள். அவ்வார்த்தை மருந்தினும் இனித்தது. காய்ச்சல் தணிந்த பின்னரே, அது புகழ்ச்சியன்று, என்மேற் சாட்டப்பட்ட குற்றம் என்பதை உணர்ந்தேன். எத்தனை விழுதுகளை நான் துப்புரவின் பெயரால் அறுத்திருக்கிறேன்!

இவ்வாண்டு விழாவை மாணவரிடமே ஒப்படைத்தேன். அழைப்பிதழில் ஓர் எழுத்துப்பிழை நேர்ந்தது. விழா அரைமணி நேரம் பிந்தித் தொடங்கியது. "சேர், மேசையை எங்கே வைப்பது?" என்று ஒருவன் ஓடிவந்து கேட்டபோது என் வாய்வரை வந்த விடையை விழுங்கிக்கொண்டு, "உமக்குச் சரியெனப் படும் இடத்தில் வையும்" என்றேன். அவன் வைத்த இடம் நான் வைத்திருக்கக்கூடிய இடமன்று. விழா அதனாற் கெட்டுவிடவில்லை. முதன்முறையாகத் தாமே எழுதிய சொற்களை மாணவர் மேடையிற் பேசக் கேட்டேன். அவை என் சொற்களிலும் உயிருள்ளவையாக இருந்தன.

குடும்பத்திலும் இஃதே நிலை. மகள் முதன்முதலாக வைத்த சொதியில் உப்புக் கூடிவிட்டதென அகப்பையைப் பறித்துக்கொள்ளும் தாயும், முப்பது வயது மகனிடம் வயற்கணக்கைக் காட்டாத தந்தையும் தமக்குத் துணையாக வரவேண்டிய விழுதையே அறுக்கின்றனர். ஆனால் இதன் மறுபுறத்தையும் சொல்லவேண்டும். மண்ணைத் தொடாத விழுதைப் பிடித்து ஊஞ்சலாடினால் அது அறுந்துபோகும். இளந்தோளில் முழுப் பாரத்தையும் ஒருநாளில் ஏற்றிவிடுவதும் அத்தகையதே. ஆந்திரத்திலே, கதிரிக்கு அண்மையில், திம்மம்மா மர்ரிமானு என்னும் பேரால் உள்ளது. 1989ஆம் ஆண்டிற் கின்னஸ் நூலில் இடம்பெற்றது. அதனைப் பேணுவோர் இளவிழுதுகளை, மண்ணும் எருவும் நிறைத்த மூங்கிற் குழாய்களின் வழியே நிலத்துக்கு வழிப்படுத்துகின்றனர். மூங்கில் விழுதை இழுப்பதில்லை. அதற்காகப் பாரம் தாங்குவதுமில்லை. காற்றிலும் வெயிலிலும் காய்ந்துபோகாது காத்து, மண் இருக்கும் திசையைக் காட்டுகிறது, அவ்வளவே. பெற்றோர்க்கும் ஆசிரியர்க்கும் இதனினும் சிறந்த இலக்கணம் வேண்டுமோ?

தமக்கையின் மகளுக்கு நான் கூறக் கடமைப்பட்ட விடை இதுவே. அறுகு பரவுவதும் கணுவுக்குக் கணு வேர்விட்டுத்தான். ஆதலின் வேரூன்றலுக்கு அதனை உவமை சொன்னது பொருத்தமே. ஆலுக்கோ வேரூன்றலை வேறாகச் சொல்லவேண்டியதில்லை. அது 'தழைத்து' என்னும் சொல்லினுள்ளேயே அடங்கிவிட்டது. ஏனெனில் விழுது ஊன்றாமல் ஆல் தழைப்பதில்லை. ஊன்றாமல் நீண்ட கிளை என்ன ஆகும் என்பதை எங்கள் ஊர்ச் சந்தி அறியும்.

அச்சந்தியில் இன்று ஆல் இல்லை. மதிலோரத்தில் மட்டும், பழைய வேரினின்றோ பறவையிட்ட விதையினின்றோ, இளங்கன்று ஒன்று முளைத்து என் தோளளவு வளர்ந்து நிற்கிறது. அதற்கு இன்னும் விழுது தோன்றவில்லை. தோன்றும் காலத்தில், கத்தி கட்டிய தடியோடு வருவோரிடம் சொல்லவேண்டியதை என் மருமகளிடம் இப்பொழுதே சொல்லிவைத்திருக்கிறேன்.